தேடத் தெரியாத பட்டறை

“தேடிப் பாத்தீங்களா?”

“தேடவா? எங்க பட்டறையில யாரும் எதையும் தேட மாட்டாங்க சார். அதுக்குத்தானே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம்னு சொல்ற அந்த ஜப்பான் முறையையே கொண்டு வந்தோம். இருக்கவேண்டிய இடத்துல இல்லேன்னா, இல்ல. அவ்வளவுதான்.”

இதைக் கேட்டதும் துப்பறிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ‘நிதானம்’ என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவியின் தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமா கண்ணாடியைத் துடைத்தால் தூண்டிலில் மீன் சிக்கிவிட்டது என்று அவனுக்கு அர்த்தம்.

வந்திருந்தவர் சைக்கிள் மணி செய்யும் பட்டறையின் முதலாளியம்மா. தகட்டை மணிக் கிண்ணமாக அழுத்தி எடுக்கும் தாய் அச்சைக் காணோம். இரண்டு கையாலும் தூக்கவேண்டிய எஃகுத் துண்டு அது. அது இல்லாமல் ஒரு மணிகூடப் பிறக்காது. மாலையில் பெரிய வியாபாரி ஒருவர் வருகிறார். கிண்ணம் அச்சிலிருந்து விழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஒப்பந்தம். பழி, ‘சுத்தியல்’ என்று பட்டப்பெயர் பெற்ற ஃபிட்டரின் தலையில் விழுந்திருந்தது. புதிய முறையை முதல் நாளிலிருந்தே வாய் ஓயாமல் திட்டியவர் அவர். நேற்று கடைசியாகப் பட்டறையை விட்டுப் போனவரும் அவர்தான். வியாபாரி வருவதற்குள் அச்சு வராவிட்டால் அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகச் சொன்னார் முதலாளியம்மா.

பட்டறைக்குள் நுழைந்ததும் தம்பி வாயைப் பிளந்தான். சுவர் நிறைய மஞ்சள் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்திலேயே கறுப்பு நிழல் வரைந்து, அதன்மேல் அதை மாட்டியிருந்தார்கள். ஒன்றை எடுத்தால் போதும், நிழல் பல்லை இளித்துக் காட்டிக்கொடுக்கும். தள்ளுவண்டி நிற்கத் தரையில் கோடு, எண்ணெய்க் கேனில் கோடு, வாசல் பக்கத் தீயணைப்பு மணல் வாளிகளின் உள்ளேகூட மணல் அளவைக் காட்டச் சிவப்புக் கோடு. ஒரு வாளியில் மட்டும் மணல் கோட்டை மூடிக்கொண்டு மேடு தட்டியிருந்தது. யாரோ தாராள மனசுக்காரர் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தான். பெருக்கும் பிரஷ்களுக்கும் நிறம் பிரித்திருந்தார்கள்: ஃபிட்டருக்கு மஞ்சள், தகடு அழுத்தும் இயந்திரத்தை ஓட்டும் அக்காவுக்கு நீலம், கிடங்குக்குப் பச்சை.

கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் முதலாளியம்மாவின் கொழுந்தன். இந்த ஒப்பந்தம் முடிந்ததும் கிடங்கையே மூடப்போகிறார்கள் என்று சிரித்தபடி அவரே சொன்னார். தேவைப்படும் அன்றைக்குத் தேவையான சரக்கு நேராக இயந்திரத்தடிக்கு வந்துவிடுமாம்; சேர்த்து வைப்பது வீண் என்பதும் அதே முறையின் பாடம்தானாம்.

வாசலில் காவலாளி, போகிற எல்லோரையும் சோதித்தே அனுப்புகிறார் என்பதையும் நிதானம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஃபிட்டர் அவரைப் பார்த்து, “நான் திட்டுவேன்தான் சார். திட்டுறவன் எங்கயாச்சும் திருடுவானா?” என்றார்.

தம்பிக்கு அதற்குள் ஒரு கதை முளைத்துவிட்டது. “மாமா, கூரையைப் பிரிச்சு, கயிறு கட்டி...”

“மாப்ளே, முதல்ல நீ கூரையிலேர்ந்து இறங்கு.”

வியாபாரி கிளம்பிவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. நிதானம் முதலாளியம்மா, ஃபிட்டர், அக்கா, கொழுந்தன் நால்வரையும் வாசல் பக்கம் வரச்சொன்னார்.

“வெளிய போக வழியில்ல. அப்போ அச்சு உள்ளதான் இருக்கு. ஆனா நீங்க தேடல. நிழல் காலியா இருந்தா திருட்டுன்னு முடிவு. சாமான் அதோட இடத்துல இருந்தா, அந்தப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டீங்க. வாளி இருக்கிற இடத்துல வாளி இருக்கு. வாளிக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பாப்பா? மணலுக்கும் கோடு போட்டது நீங்கதாம்மா. மணல் தானா வளராது.”

சட்டைக் கையை மடித்துவிட்டு மேடு தட்டிய வாளிக்குள் இரண்டு கையையும் நுழைத்தார். மணலை உதிர்த்துக்கொண்டு அச்சு வெளியே வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சுத்தியல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“யாரு சார்?” என்றார் முதலாளியம்மா.

“புதைக்கும்போது மணல் கொஞ்சம் சிந்தியிருக்கும். இந்தத் தரையில ஒரு பொட்டு மணல் கிடந்தாலும் காலையில மாட்டிக்கணும். அதனால பெருக்கியாச்சு. எதால?” நிதானம் பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் தட்டினார். மஞ்சளில் இரும்புத் தூள். நீலத்தில் தகட்டுச் சீவல். பச்சையிலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது.

“ஃபிட்டர் மேல பழியைப் போடணும்னா மஞ்சளை எடுத்திருக்கலாம். புதைச்சவருக்கு அந்த எண்ணம் இல்ல. பழகின கை, பழகின நிறத்தைத்தான் எடுத்துச்சு. பெருக்கிட்டுத் திரும்ப அதே நிழல்ல ஒழுங்கா மாட்டியும் வச்சிருச்சு.”

கொழுந்தன் ஒப்புக்கொண்டார். நேற்று சுத்தியல் போன பிறகு, தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்தாராம். ஒப்பந்தம் நின்றுபோனால் கிடங்கு தப்பும், கிடங்கோடு தன் இடமும் தப்பும் என்று நினைத்தாராம். ரெண்டு நாளில் எடுத்து வைத்துவிடலாம் என்றிருந்தபோது பழி சுத்தியல்மேல் விழ, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லையாம்.

சுத்தியல் எழுந்தார். கொழுந்தனைப் பார்க்காமலே அச்சை வாங்கிக்கொண்டு இயந்திரத்துக்கு ஓடினார். அக்கா நெம்புகோலைப் பிடித்தார். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தமும் முதல் கிண்ணம் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. தம்பி கைதட்டப் போய், மாமாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

கொழுந்தன் இன்னும் வாளியருகிலேயே நின்றார்.

“அண்ணி, கிடங்கை மூடிக்கோங்க. நான் எங்க நிக்கணும்னு மட்டும் இந்தத் தரையில ஒரு கோடு போட்டுக் காட்டுங்க.”