முகம் செதுக்காத கல்

விசைப்பலகையின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. சசிகலா ஊதிப் பார்த்தாள், போகவில்லை. துப்பட்டா நுனியால் துடைத்தபோது நறநறவென்று விரலில் உரசியது. கல்தூள். கல்லூரி நூலகத்தின் மாடியில், ஆய்வு மாணவர்களுக்கென்று ஒதுக்கிய மூலையில், பெயின்ட் வாசனைகூட இன்னும் போகாத புதுச் சுவர்களுக்கு நடுவே, கல்தூள் எங்கிருந்து வரும் என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அதற்குள் திரையைப் பார்த்துவிட்டாள், தூள் மறந்துபோயிற்று.

சசிகலா வழக்கமாக உட்காரும் கம்ப்யூட்டரில் பூவிழி தன் லாகினை மூடாமல் போயிருந்தாள்.

பூவிழி என்ற பெயரைக் கேட்டாலே சசிகலாவுக்கு வயிறு எரியும். இருவருக்கும் ஒரே கைடு, பேராசிரியர் மணிமேகலை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தலைப்பு, தர்மபுரிப் பக்கத்து நடுகற்கள். சண்டையில் செத்தவர்களுக்காக எப்போதோ நட்டுவைத்த அந்தக் கற்களைத் தேடி ஏரிக்கரையும் முள்ளுக்காடுமாக சசிகலா மூன்று வருஷம் அலைந்திருக்கிறாள். பொம்மிடியிலிருந்து இந்த வருஷம்தான் வந்த பூவிழி, கன்னத்தில் குழி விழ ஒரு சிரிப்புச் சிரித்து, கைடுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டாள். சசிகலாவின் முகத்தில் இருப்பதெல்லாம் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் வாங்கிய தழும்புதான். அதைக் காட்டி யாரை மயக்குவது? உதவித்தொகைக்கு ஒருவரைத்தான் சிபாரிசு செய்ய முடியும், திங்கட்கிழமை பெயரைச் சொல்கிறேன் என்று கைடு சொல்லியிருந்தார். பெயர் வராவிட்டால் சசிகலா மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் இண்டூருக்குப் போகவேண்டியதுதான், ஆராய்ச்சி அதோடு சரி.

கொஞ்ச நாளாகப் பூவிழிக்குத் திமிர் வேறு கூடியிருந்தது. முகத்தில் மாஸ்க், தலையைச் சுற்றித் துப்பட்டா, யாரோடும் பேச்சில்லை. தொண்டை சரியில்லை என்று செல்போனில் எழுதிக் காட்டுவாள். சசிகலா விசாரித்தபோது அதையும் காட்டவில்லை, கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

இப்போது அவளுடைய தேடல் முழுவதும் சசிகலாவின் கண்முன்னால் திறந்து கிடந்தது. பழைய கல்வெட்டுகள், நடுகற்களின் படங்கள் எல்லாம் சேர்த்த டேட்டாபேஸ் அது. ஒன்றைத் தேடிப் பதிந்து வைத்தால், புதுப் படம் சேரும்போதெல்லாம் தேடியவருக்கு அலர்ட் வரும். பூவிழி ஒன்றே ஒன்றைத்தான் பதிந்து வைத்திருந்தாள். பெண் நடுகல், ஏரிக்கரை, முகம் செதுக்கப்படவில்லை.

பெண்ணுக்கு நட்ட கல்! இதைத்தான் கள்ளி மறைத்து வைத்திருக்கிறாள். சசிகலா படத்தைத் திறந்தாள். எண்ணெய் குடித்துக் கறுத்த கல், ஓங்கிய கையில் வாள், கொசுவ மடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் முகம் இல்லை என்று எழுதியிருந்தது பொய். மூக்கு இருந்தது, உதடு இருந்தது, கன்னத்தில் ஒரு குழியும் இருந்தது. கண்கள் மட்டும்தான் இல்லை. எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியதை அவள் ஒதுக்கித் தள்ளினாள். படத்துக்குக் கீழே, இந்த அலர்ட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம் என்று இருந்தது. தன் பெயரையும் செல்போன் எண்ணையும் அடித்தாள். மனமார ஏற்கிறீர்களா என்று கேட்டது. ஏற்றாள். இனி எது வந்தாலும் முதலில் தனக்குத்தான் என்ற நினைப்பு இனித்தது.

வெளியே மழை மேகம் இறங்கி ஜன்னல்கள் இருட்டின. எங்கிருந்தோ ஊறின மஞ்சளும் நல்லெண்ணெயும் பாசியும் கலந்த, ஆளில்லாத ஏரிக்கரையில் வெயில் தாழ்ந்தபின் வருகிற அந்த வாசனை, புத்தக அடுக்குகளுக்கு நடுவிலிருந்து மெதுவாகக் கசிந்து வந்தது. கூடவே ஒரு சத்தம். பக்கத்தில் யாரோ மவுஸை அழுத்துகிறார்கள் என்று நினைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. டக். டக். இரும்பு கல்லில் படுகிற சத்தம்.

செல்போன் துடித்தது. புதுப் படம்.

அதே கல், அதே வாள். கன்னத்துக் குழியைக் காணோம். தாடையில் ஒரு தழும்பு இருந்தது.

கை தானாகத் தன் தாடைக்குப் போயிற்று. வழவழப்பாக இருந்தது. தழும்பு இருந்த இடம் தெரியவில்லை.

மாடிப்படி ஏறியதும் இருக்கும் ரெஃபரன்ஸ் கவுன்டருக்கு ஓடினாள். மாடிக்கு வருகிறவர்கள் அங்கேதான் ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு வரவேண்டும், போகும்போது வாங்கிக்கொள்ளலாம். நூலகர் ஆரோக்கியராஜ் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பொம்பள நடுகல்லு படம்... அதை யாருங்க சார் போடறாங்க?"

அவர் நிமிரவில்லை. "அப்படி ஒரு படம் நம்ம டேட்டாபேஸ்லயே இல்லம்மா. பூவிழியும் இதையேதான் எழுதி எழுதிக் காட்டுச்சு. எப்படியாச்சும் அந்த அலர்ட்டை நிறுத்துங்க சார்னு கையெடுத்துக் கும்புடுச்சு. நிறுத்த வழியில்லம்மா, வேற யாராச்சும் மனசார தன் பேருக்கு மாத்திக்கிட்டாத்தான் உண்டுன்னேன். அதைக் கேட்டுட்டு அந்தப் பொண்ணு உங்க சீட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

செல்போன் மறுபடி துடித்தது. சசிகலா பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. டக். மூக்கு இருந்த இடத்தில் மூச்சு அடைத்தது. டக். சார் என்று கூப்பிட வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. உதடு இருந்த இடத்தை விரல் தேடியது. குளிர்ந்த, ஒரே தளமான தோல்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பூவிழி. மாஸ்க்கைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். மூக்கு, உதடு, கன்னம் எல்லாம் ஈரமாக, புதிதாக, அப்போதுதான் கழுவி எடுத்ததுபோல் இருந்தன. அவள் அழுதாள், அழுகையிலும் அந்தக் குழி விழுந்தது. அந்த நேரத்திலும் சசிகலாவுக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

"மன்னிச்சுடுங்க அக்கா," என்றாள் பூவிழி. "நீங்க என்னுதை எடுத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியுங்க." விட்டுப்போயிருந்த தன் கார்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

ஆரோக்கியராஜ் அடுத்த கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது யாரோடதுங்க? போட்டோவில மூஞ்சியே இல்லையே," என்றபடி முதல் தடவையாக நிமிர்ந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

டக்.

இடது பக்கம் இருண்டது. சட்டென்று. மூடிய இருட்டல்ல, கண்ணே இல்லாத இருட்டு.

மிச்சமிருந்த ஒரு கண்ணால் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். கல்லில் தாடைத் தழும்பு. அவள் மூக்கு. அவள் உதடு. அதற்கு மேலே, இடது பக்கத்தில், புதிதாகத் திறந்த ஒரே கண், ஈரமாக, அவளைப் பார்த்து இமைத்தது.

வலது பக்கத்தில் உளி வந்து நின்றது.