பன்னிரண்டு பேருக்குப் புரிந்தால் போதும்

வெள்ளிக்கிழமை மூன்றாவது பாடவேளை, உயிரியல் மாணவர்களுக்குக் கட்டுரை வேளை. ஒருவர் எழுந்து ஓர் ஆய்வுக் கட்டுரையை விளக்குவார். பன்னிரண்டு பேர் கேட்பார்கள். முடிந்ததும் ஒவ்வொருவராகப் "புரிந்தது" என்று சொல்ல, சுவரில் பதித்திருக்கும் கேள்பொறி அந்தக் குரல்களை வாங்கிக்கொண்டு பச்சை விளக்கைப் போடும். உடனே எல்லோரும் கேண்டீனுக்கு ஓடுவார்கள். வெள்ளி பரோட்டா நாள் என்பதால், விளக்குகிறவர் இழுத்தடித்தால் பின்வரிசையில் செருமல் கிளம்பும்.

மனிதர்கள் கட்டுரை எழுதுவதை நிறுத்தி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆய்விகள் என்று பெயரிடப்பட்ட கணினிகள் தாமே கேள்வி கேட்டு, தாமே சோதித்து, நாளொன்றுக்கு நாற்பதாயிரம் கட்டுரைகளை எழுதித் தள்ளின. மனிதனுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா என்று யாரோ கேட்டிருக்க வேண்டும், ஒரு சட்டம் வந்தது. மனித உடலைத் தொடும் எந்தக் கண்டுபிடிப்பையும் ஒரு மனிதர் விளக்கி, பன்னிரண்டு மனிதர்களுக்குப் புரிந்த பிறகுதான் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். ஒருவருக்குப் புரியாவிட்டாலும் ஓராண்டு நிறுத்திவைக்க வேண்டும். அத்தனை பேருக்கு எங்கே போவது? வேலையைக் கல்லூரிகளின் தலையில் கட்டினார்கள். டெல்சி படித்த திருநெல்வேலிக் கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒருவரும் புரியவில்லை என்று சொன்னதில்லை. சொன்னால் விளக்கியவருக்கு அந்த ஆண்டே வீண். கூடப் படிக்கிறவன் வயிற்றில் அடிக்க யாருக்கு மனம் வரும்?

டெல்சிக்கு ஒதுக்கப்பட்ட கட்டுரை பத்து நாள் முன்பு வந்தது. 'சமன்புரதம்: கடலோர முப்பது ஊர்களில் ஓராண்டு முடிவுகளும் மாநிலம் முழுமைக்குமான பரிந்துரையும்' என்பது தலைப்பு. சுருக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். ஆனால் ஊர்ப் பட்டியலில் ஏழாவதாக அவள் ஊர் புன்னைத்துறை இருந்தது. அவள் கடைசிப் பக்கம்வரை படித்தாள்.

தன் பிள்ளை, தன் வீடு, தன் ஆள் என்று மூளை சாய்கிற சாய்வை ஆய்வி அளந்திருந்தது. சண்டை, பழிவாங்கல், சொத்துத் தகராறு எல்லாவற்றுக்கும் அதுதான் வேர் என்று கண்டுபிடித்து, அந்தச் சாய்வை நிமிர்த்தும் புரதம் ஒன்றையும் செய்திருந்தது. குடிநீரில் கலந்தால் போதும். அன்பு குறையாது, எல்லோருக்கும் ஒரே அளவாகப் பரவிவிடும். மூன்றாம் அட்டவணையில் முப்பது ஊர்த் தாய்மார்களின் சாய்வு அளவு சுழியம் என்று இருந்தது.

அப்போதுதான் ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது நடந்தது அவளுக்கு விளங்கியது. அம்மா சிரித்த முகமாகத்தான் வரவேற்றாள். சாப்பாட்டு நேரத்தில் வழி கேட்டு வந்த ஒருவனையும் உட்கார வைத்து, டெல்சிக்கென்றே எப்போதும் எடுத்து வைக்கும் மீன் தலையை அவன் தட்டில் வைத்தாள். டெல்சி பஸ் ஏறுகிற அன்று, போய்வாருங்கள் என்று பக்கத்து வீட்டு விருந்தாளிக்குச் சொன்ன அதே குரலில் விடைகொடுத்துவிட்டு உள்ளே போனாள். அம்மாவுக்கு ஏதோ கோபம் என்று நினைத்து டெல்சி இரண்டு வாரம் போன் செய்யாமல் இருந்தாள். அம்மாவும் செய்யவில்லை.

அதைவிடப் பெரிய இடி பின்னிணைப்பில் இருந்தது. முப்பது ஊர்ச் சோதனைக்குப் போன ஆண்டு ஒப்புதல் தந்தது இதே வகுப்பு. பன்னிரண்டு பெயர்களில் நான்காவது டெல்சி. யார் விளக்கினார்கள், என்ன சொன்னார்கள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அன்றும் பரோட்டா நாள்தான். தன் தாயைத் தானே ஒரு சொல்லில் தொலைத்துவிட்டதை எண்ணி அவள் விடுதி அறையில் வாய்விட்டு அழுதாள்.

அழுதது கேட்டு வந்தவள் பக்கத்து அறையில் இருக்கும் வகுப்புத் தோழி கோமதி. முதலாண்டிலிருந்தே இருவரும் நகமும் சதையும். எட்டு மாதத்துக்கு முன் கோமதியின் தங்கை ஆற்றோடு போய்விட்டாள். அன்றிலிருந்து கோமதி பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். கதை முழுவதையும் கேட்டு, தானே புரியவில்லை என்று சொல்வதாக டெல்சியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். ஓராண்டு கிடைத்தால் எல்லோருக்கும் சொல்லலாம், தடுக்கலாம். படிப்பில் ஓராண்டு போனால் போகட்டும் என்று டெல்சி துணிந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு அம்மாவிலிருந்து தொடங்கினாள். செருமல் அடங்கியது. பத்தாவது பக்கத்தில் இருந்த ஒரு செய்தியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். முப்பது ஊர்களில் ஒன்றில் படகு கவிழ்ந்து ஐந்து இளைஞர்கள் இறந்தார்கள். அவர்களின் தாய்மார் மறுநாள் காலையே மீன் விற்கக் கிளம்பிவிட்டார்கள். ஆய்வி அதற்கு 'இழப்பு மீட்சிக் காலம்: ஒரு நாள்' என்று குறித்திருந்தது. அதைப் படித்துவிட்டு டெல்சி தலை நிமிர்ந்தாள். கோமதி மட்டும் கை தூக்கினாள்.

"அந்த அம்மாமாருக்கு வலிக்கவே இல்லியா?"

"இல்ல."

"பிள்ளைய மறந்துட்டாங்களா?"

"மறக்கல. பேரு, வயசு, பிடிச்ச சாப்பாடு எல்லாம் சொல்லுதாங்க. அடுத்த வீட்டுப் பிள்ளையப் பத்திச் சொல்லுத மாதிரி சொல்லுதாங்க."

கோமதி மெதுவாக உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வந்தது பயம் இல்லை என்பதை டெல்சி கண்டாள்.

குரல்கள் முன்வரிசையிலிருந்து தொடங்கின. போன மாதம் தந்தையை இழந்த செல்லத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு "புரிந்தது" என்றான். வழக்கமான அவசரம் எவர் குரலிலும் இல்லை. சிலர் கொஞ்சம் யோசித்து, சிலர் தயங்கி, பதினொரு பேரும் சொல்லிவிட்டார்கள். கோமதி எழுந்து டெல்சியை நேராகப் பார்த்தாள்.

"புரிந்தது."

பச்சை விளக்கு எரிந்தது. பத்தொன்பது ஆண்டில் முதல்முறையாக ஒரு வகுப்பு உண்மையாகவே கேட்டுப் புரிந்துகொண்டது என்று பேராசிரியர் நெகிழ்ந்துபோய், டெல்சிக்கு முழு மதிப்பெண் போட்டார்.

நடைவழியில் டெல்சி கோமதியை மறித்தாள். "எந்தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணுனியேட்டி."

"பண்ணுனேன். ஆனா புரியலன்னு பொய் சொல்ல முடியலட்டி. எனக்கு நல்லாவே புரிஞ்சிச்சு. ராத்திரியெல்லாம் தங்கச்சி கூப்பிடுத சத்தம் கேக்கு. என்னால முடியல." கோமதி சுவரில் சாய்ந்துகொண்டாள். "தண்ணியில கலந்தா எத்தன நாள்ல பிடிக்கும்?"

"நாப்பது நாள்."

கோமதி மனதுக்குள் ஏதோ எண்ணினாள். பிறகு டெல்சியின் மணிக்கட்டை வலிக்கிற அளவுக்குப் பற்றிக்கொண்டாள்.

"அதுவரைக்கும் எங்கூடவே இருட்டி. அப்புறம் நீ போனாலும் எனக்கு வலிக்காது."