பதினெட்டு மில்லிமீற்றர் வேலி

“அப்பா தானா விழேல்லை, அன்ரி.”

வாசலில் நின்றபடியே நிஷானி சொன்னாள். பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகும்போது உடுத்த சேலையின் ஓரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் சீலா அவளைக் கைபிடித்து உள்ளே இருத்தினார். சீலாவை எங்கும் ஏற்றிச் செல்லும் ஓட்டோக்காரர் கேதீஸ்வரன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

நிஷானியின் தந்தை நேசராஜா, சிறிய அளவில் மாதிரி ரயில் பாதைகள் செய்பவர். தொண்ணூறில் போரால் ரயில் நின்றுபோவதற்கு முன் அரியாலையில் தன் வீட்டருகே இருந்த ரயில் கடவையை, அதைச் சுற்றிய வீடுகள், வேலிகள், கிணறுகளோடு நீண்ட மேசையொன்றில் அளவு பிசகாமல் கட்டிவந்தார். அன்று பதினொன்றரைக்கு நிஷானி வீடு திரும்பியபோது, அந்த மேசையடியில் தலை உடைந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு திரும்பவில்லை.

“கதிரையாலை விழுந்திட்டார் எண்டு எல்லாரும் சொல்லுகினம். ஆனா மேசையிலை, பக்கத்து வளவு யோசப்பின் அன்ரியின்ரை வாசல் படலையைக் காணேல்லை. அந்த இடம் வேலியாலை அடைச்சுக் கிடக்கு.”

சீலாவுக்கு விஷயம் புரிந்தது. யோசப்பினின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை, அயலவர் கெல்வின் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய காணிக்குள்ளால் போகிறது. ஆள் நடக்கும் அகலம் மட்டும் விட்டு மதில் கட்டுவேன் என்கிறார் கெல்வின். யோசப்பினின் கணவரோ படுத்த படுக்கை; வாகனம் வராவிட்டால் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வழியில்லை. மறுநாள் காலை மத்தியஸ்த சபை கூடுகிறது. ஒழுங்கையின் பழைய அகலத்துக்குச் சான்றாக நேசராஜாவின் மேசையைப் பார்க்கச் சபையினர் சம்மதித்திருந்தார்கள்.

“எப்படிப்பட்ட படலை?” என்று கேட்டார் சீலா.

“இவ்வளவு நாளும் ஒற்றைப் படலைதான் வைச்சிருந்தவர். நேற்றுப் பின்னேரம் ட்ரங்குப் பெட்டிக்குள்ளை பழைய படமொண்டு கண்டெடுத்தவர். அதிலை ரெட்டைப் படலை. வண்டில் போற அகலம். காலமை நான் வெளிக்கிடேக்கைதான் அதை மாத்தி ஒட்டிக்கொண்டிருந்தவர். இப்ப அந்தப் படமும் இல்லை.”

“யோசப்பினுக்கு இது தெரியுமோ?”

“இல்லை. அவ கலியாணம் முடிச்சு வர முதலே அந்தப் படலை அழிஞ்சு போச்சாம். உங்களைத் தவிர நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அரை மணி நேரத்தில் மூவரும் நேசராஜாவின் அறையில் நின்றார்கள். தரையில் துடைக்கப்படாத இரத்தம். மேசைமேல் ஈர்க்கிலும் ஓலைத் துணுக்கிலும் செய்த வேலிகள், நகத்தளவு ஓடுகள் வேய்ந்த கூரைகள், கிணற்றுக் கட்டில் ஒரு வாளி.

“குருநகர் ஜெறோம் அண்ணை ஒன்பது மணிக்கு வந்து போனவராம்,” என்றார் கேதீஸ்வரன் பரபரப்பாக. “இந்த வேலையிலை பாதி அவர்தான் செய்தது. இப்படி வேலி அடைக்க வேறை ஆராலை ஏலும், அக்கா?”

சீலா இரும்பு அடிமட்டத்தை எடுத்தார். மேசையின் முன்பக்க வேலிகளெல்லாம் இருபத்துநான்கு மில்லிமீற்றர் உயரம். படலை இருந்த இடத்தை அடைத்த துண்டு பதினெட்டு. மேல்விளிம்பு மட்டமாக இருக்க, அடியில் வெள்ளைக் கம் பசையைக் கட்டியாக வைத்து உயர்த்தி, புல்போலப் பச்சை மரத்தூளைத் தூவியிருந்தார்கள். மேசையின் பின்விளிம்புக்குப் போய்க் குனிந்தார். அங்கே வேலியின் உயரம் பதினெட்டுத்தான்; அதில் ஒரு துண்டைக் காணவில்லை.

கட்டியாகிப் போயிருந்த கம்மில் ஒரு பெருவிரலின் ரேகை பதிந்திருந்தது.

“ஒருத்தரும் இதிலை கை வைக்க வேண்டாம்,” என்ற சீலா, பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தார். பிறகு ஜெறோமையும் கெல்வினையும் வரச்சொன்னார்.

ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள். படகுத் தச்சரான ஜெறோம் இரத்தத்தைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். கெல்வின் கைகளைக் கட்டியபடி கதவோரம் நின்றார்.

“இந்த மேசையிலையிருந்து படலையொண்டு காணாமல் போச்சு,” என்றார் சீலா.

“ஒரு விளையாட்டு ரெட்டைப் படலைக்காகவோ என்னை மினக்கெடுத்திறியள்?” கெல்வினின் குரல் உயர்ந்தது. “நான் இந்த அறைக்குள்ளை காலே வைச்சதில்லை.”

சீலா அவரைப் பார்க்கவில்லை. “ஜெறோம், பின்பக்கத்து வேலி ஏன் உயரம் குறைவு?”

“அது வேணுமெண்டு செய்தது. பின்னுக்குப் போகப்போகச் சின்னனாச் செய்தால்தான் பாக்கிறவைக்குத் தூரமாத் தெரியும். நானும் நேசராஜா அண்ணையும் சேந்து செய்தனாங்கள்.”

“அது தெரிஞ்ச ஆள் பின்வேலியைக் கழட்டி முன்னுக்கு ஒட்டமாட்டான். அதனாலை ஜெறோம் இல்லை.” சீலா இப்போதுதான் திரும்பினார். “கெல்வின், படலை எண்டுதான் நான் சொன்னனான். ரெட்டை எண்டு நீங்கள் சொன்னியள். இண்டைக்குக் காலமை வரைக்கும் இந்த மேசையிலை இருந்தது ஒற்றை. காலமைக்குப் பிறகு இஞ்சை வந்த ஆள்தான் ரெட்டையைக் கண்டிருக்க ஏலும்.”

கெல்வின் வெளியே போகத் திரும்பினார். வாசலை அடைத்து நின்ற கேதீஸ்வரனுக்குப் பின்னால் பொலிஸ்காரர் இருவர் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

“கதைக்கத்தான் வந்தனான்,” என்றார் கெல்வின். “மேசையிலை அந்தப் படத்தைக் கண்டு, தா எண்டு கேட்டன். இழுபறியிலை அவர் விழுந்திட்டார். நான் அடிக்கேல்லை.”

“பிறகு?” என்றாள் நிஷானி.

கெல்வின் பொலிஸ்காரர் பக்கம் திரும்பினார்.

“ஜெறோம், உந்தளவு கம்மிலை வேலி சரியாமல் நிக்க எவ்வளவு நேரம் பிடிக்கோணும்?” என்று கேட்டார் சீலா.

ஜெறோம் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கீழே தரையைப் பார்த்தார். “கால் மணித்தியாலம். கையை எடுக்க ஏலாது.”

நிஷானி கெல்வினின் முகத்துக்கு நேரே வந்தாள். “கால் மணித்தியாலம் நீங்கள் வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறியள். அவர் உங்கடை காலடியிலை கிடந்திருக்கிறார்.”

கிழிக்கப்படாத அந்தப் படம் கெல்வினின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் சபையினர் அதை மேசையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வண்டி போகும் அகலத்துக்கு ஒழுங்கையை விட வேண்டுமென்பதற்குக் கெல்வினின் குடும்பத்தார் மறுப்புச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நேசராஜா கண் விழித்தார். மகளை அடையாளம் கண்டார். வலது கை விரல்கள் மட்டும் அசையவில்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்றார் மருத்துவர்.

நிஷானி வெளியே வந்து சீலாவை அழைத்தாள். “அன்ரி, டொக்டர் சொன்னதையும் பொலிஸிலை சொல்லோணுமோ?”

“ஓம், பிள்ளை,” என்றார் சீலா. “நான் வாறன். அவை அதை எழுதி முடிக்கும் மட்டும் பக்கத்திலை இருப்பம்.”