நாற்பத்தேழாம் படத்தின் குறிப்பு

காலை மணி 10.40. நாற்பத்தேழாம் எண் படத்தின் பக்கத்தில் இருக்க வேண்டிய குறிப்பு அட்டையைக் காணவில்லை.

படம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆள் உயரம், கோணாத சட்டம், ஒரு விரல் ரேகைகூட இல்லாத கண்ணாடி. அதன் வலப்பக்கச் சுவரில் ஒட்டியிருந்த உள்ளங்கையளவு வெள்ளை அட்டை மட்டும் மாயமாகியிருந்தது. கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மாள் அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்துவிட்டார்.

ஓர் அட்டைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். பல நாடுகளிலிருந்தும் வந்த செய்திப் புகைப்படங்களில் பரிசு பெற்ற நூற்றிருபது அந்த மண்டபத்தில் தொங்கின. நடுச்சுவரில் இருந்த நாற்பத்தேழாம் எண்தான் முதல் பரிசு. எடுத்தவள் இதே ஊர்க்காரி. மூன்று வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில், இதே ஊர் மருத்துவமனையில் எடுத்தாள். பன்னிரண்டு நகரங்களைச் சுற்றிவிட்டுப் படம் இன்றுதான் பிறந்த ஊருக்கு வந்திருக்கிறது. ஆனால் பரிசுச் சங்கத்தின் விதி கறாரானது. குறிப்பில்லாமல் எந்தப் படமும் சுவரில் இருக்கக் கூடாது. தொலைந்த அட்டைக்கு மாற்று வரப் பத்து நாளாகும். குறிப்பில் பிழை என்று எடுத்தவரே ஒப்புக்கொண்டால் மட்டும், தன் கையாலேயே புதிது எழுதி ஒட்டலாம். இதுவரை அப்படி ஒப்புக்கொண்ட புகைப்படக்காரர் ஒருவரும் இல்லை. மாலை நான்கு மணிக்குத் திறப்பு விழா. அதற்குள் அட்டை கிடைக்காவிட்டால் ஊரின் பெருமை சுவரிலிருந்து இறங்கியாக வேண்டும்.

காலை மணி 11.15. இன்ஸ்பெக்டரம்மா வந்து சேர்ந்தார். பதினாறு வருடம் கைரேகைப் பிரிவில் இருந்தவர். அந்த வகையில் காவல் நிலையத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். ஓர் அட்டையைத் தேட ஓர் இன்ஸ்பெக்டரா என்று நிலையத்தில் எல்லோரும் கேலி செய்துதான் அனுப்பியிருந்தார்கள். எடுத்த வழக்கை மறுநாளுக்குத் தள்ளியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால் கேலியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மண்டபம் இரண்டாம் மாடியில். லிஃப்ட் மேலே வந்து நின்றது. கதவுதான் திறப்பேனா என்றது. வெளியிலிருந்து காவலாளி, விரல் நீளத்தில் முக்கோண முனை வைத்த ஓர் இரும்புச் சாவியைக் கதவின் துளைக்குள் விட்டுத் திருகினார். கதவு விலகியது.

"மன்னிச்சுக்கங்க மேடம். ஒரு வாரமா இப்படித்தான் அடம் பிடிக்குது. லிஃப்ட்காரங்க கொடுத்த சாவியாலதான் ஓட்டறோம்."

காவலாளியின் நோட்டு சுத்தமாக இருந்தது. ஒன்பது மணியிலிருந்து உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். வெளியே போனவர் எவருமில்லை. பொறுப்பாளர் பத்து மணிக்கு அட்டையைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பிறகு பின்னறையில் தொலைபேசியில் இருந்திருக்கிறார். மண்டபத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாற்பத்தெட்டாம் எண் படத்துக்குச் சொந்தக்காரரான இரண்டாம் பரிசுக்காரர். மற்றவள் விளக்கு அமைக்கும் பெண். ஏணியில் ஏறுவதும் இறங்குவதும் தெரியாத வேகம் என்பதால் காவலாளி அவளை 'மின்னல்' என்றுதான் கூப்பிடுவார். குப்பைத் தொட்டி, கழிப்பறை, நாற்காலிக்கு அடியில் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அட்டை கண்ணில் படவில்லை.

இன்ஸ்பெக்டர் படத்தின் முன்னால் போய் நின்றார். மருத்துவமனைப் படிக்கட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை காய்ந்த பழுப்புச் சேறு. தலை குனிந்து, முகம் பாதி நிழலில். இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. கீழ்ப்படியில் வெள்ளம் தளும்பி நின்றது. குறிப்பில் என்ன இருந்தது என்று கேட்டதும் பொறுப்பாளர் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: 'வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து, செய்வதறியாது அமர்ந்திருக்கும் பெயர் தெரியாத ஒருவர்.'

"அட்டையைப் பிச்செடுக்கறது சுலபமா?"

"உடும்புப் பிடி மேடம். நாங்களே எடுத்தாலும் சுவர்ப் பூச்சோட உரிஞ்சுதான் வரும்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பூச்சு ஒரு பொட்டுக்கூட உரியவில்லை. பசை மட்டும் இழை இழையாக இழுபட்டு, பிறகு இறுகியிருந்தது.

"இந்தப் படத்துக்கான விளக்கு ரெண்டும் எங்க விழணும்?"

பொறுப்பாளர் வரைபடத்தைப் பிரித்தார். இரண்டும் முகத்துக்கு என்று எழுதியிருந்தது. ஆனால் ஒரு விளக்கின் ஒளிதான் முகத்தில் விழுந்தது. மற்றது கீழே, கைகளின் மேல் நின்றது. நேற்று மாலை சரியாகத்தான் இருந்தது என்று பொறுப்பாளர் சலித்துக்கொண்டார். அட்டை போன கவலையில் அவருக்கு விளக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

பகல் மணி 12.10. பின்னறை. இரண்டாம் பரிசுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"நாற்பத்தேழு முன்னாடி ரொம்ப நேரம் நின்னீங்களாமே?"

"நின்னேன்."

"அந்தப் படம் இறங்கினா நடுச்சுவருக்கு எது வரும்?"

"என்னோடதுதான்."

"அப்ப உங்களுக்கு லாபம்."

அவர் காலை இறக்கினார். "மேடம், இருபது வருஷமா கேமரா தூக்கறேன். அந்தப் படம் என் படத்தைவிட ஒசத்தி. ஒரு நல்ல படத்தை இறக்கிட்டுத்தான் நான் நடுவுல போகணும்னா, எனக்கு ஓரமே போதும். இதை நான் சொன்னேன்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. மனிதரின் தலைக்கனம் அசல் தலைக்கனம். அதில் திருட்டுக்கு இடமில்லை என்று பட்டது. போகிறபோது அவரே நின்று இன்னொன்றும் சொன்னார். படத்தில் இருப்பவரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எல்லாம் இழந்தவராகத் தனக்குத் தோன்றவில்லை, ஏனென்று சொல்லத் தெரியவில்லை என்றார்.

பகல் மணி 12.35. மின்னல் கடைசித் தடுப்புக்குப் பின்னால் வேலையாக இருந்தாள். வயர் இணைப்பின் மேல் ரப்பர் உறையை மாட்டி, துப்பாக்கி போன்ற கருவியால் சூடான காற்றை ஊத, உறை சுருங்கி வயரைக் கவ்விக்கொண்டது. கைவேகம் பார்க்க அழகாக இருந்தது. பத்தரைக்கு எங்கே இருந்தாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இங்கதான், ஏணி மேல."

"யாரையாவது பார்த்தியா?"

"வேலைல கண்ணு இருந்துச்சு மேடம்."

"சரிம்மா. அட்டை கிடைக்கலேன்னா நாலு மணிக்கு முன்னாடி படத்தையும் இறக்கிடுவாங்களாம். தெரியுமா?"

ஊதிக்கொண்டிருந்த காற்று நின்றது. "படத்தையுமா?" என்றாள். இன்ஸ்பெக்டர் ஆமாம் என்றார். "படத்தை எதுக்கு இறக்கணும்?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு, கையிலிருந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் காவலாளி டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார். மாலையில் மின்னலின் அப்பா வருகிறாராம். மகள் போட்ட விளக்கைப் பார்க்க வேண்டுமாம். மூன்றரைக்கு பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் கூட்டி வர அவள் அனுமதி வாங்கியிருக்கிறாள்.

"ஒரு வாரமா இதே பேச்சுதான் மேடம். அப்பாவை லிஃப்ட்ல மட்டும் ஏத்திடாதீங்கண்ணே, ஏறினா இறங்க மாட்டாரு, உள்ளயே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்க ஆரம்பிச்சிடுவாருங்கறா."

இன்ஸ்பெக்டர் டீயைப் பாதியில் வைத்தார். நேராக நாற்பத்தேழாம் எண்ணுக்குப் போனார். இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கு எங்கே பார்க்கச் சொன்னதோ அங்கே பார்த்தார். ஐந்து நிமிடம் அசையவில்லை. பிறகு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். தலைமைச் செவிலியர் வேலையாக இருக்கிறார் என்றார்கள். காத்திருந்து பேசினார்.

பிற்பகல் மணி 1.50. நடுச்சுவரின் முன்னால் எல்லோரும் நின்றார்கள்.

"கோபத்துல பிடுங்கினா சுவர் உரியும். இங்க பசையை இளக்கி, சுவருக்கு வலிக்காம எடுத்திருக்காங்க. அப்படி இளக்கற சூடு இந்த மாடியில ஒரே ஒரு கருவியிலதான் வருது" என்றார் இன்ஸ்பெக்டர். "அதோட போகல. விளக்கையும் திருப்பியிருக்காங்க. படத்தைப் பிடிக்காதவங்க அதுக்கு ஏன் வெளிச்சம் போடணும்? படம் இருக்கணும், ஜனங்க சரியான இடத்தைப் பார்க்கணும், அந்த வாசகம் மட்டும் கூடாது. அப்படி நினைச்ச ஆள்தான் எடுத்தது."

மற்றவர்கள் மின்னலைப் பார்த்தார்கள்.

"இந்தக் கையைப் பாருங்க. கால்ல இருக்கறது சேறு, பழுப்பு. கையில இருக்கறது கறுப்பு, முழங்கை வரைக்கும். சேறு இப்படிப் பளபளக்காது. இது கிரீஸ். உள்ளங்கை ரெண்டும் கொப்புளம். இடுப்புல பாருங்க, கயித்துல என்ன தொங்குது?"

காவலாளி தன் பையிலிருந்து முக்கோண முனைச் சாவியை எடுத்தார். படத்தில் தொங்கியதற்கும் அதற்கும் ஓர் இம்மி வித்தியாசமில்லை. நடுவர்கள் பார்த்தார்கள், பன்னிரண்டு நகரங்கள் பார்த்தன. எல்லோரும் குனிந்த தலையைப் பார்த்தார்களே தவிர சாவியைப் பார்க்கவில்லை.

செவிலியர் சொன்னதை இன்ஸ்பெக்டர் அப்படியே சொன்னார். அன்று விடிந்தபோது கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் மூழ்கிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில், படுக்கையோடுதான் நகர்த்த முடியும் என்ற நிலையில் பதினொரு நோயாளிகள். மருத்துவமனையின் லிஃப்ட் மெக்கானிக் மொட்டைமாடி இயந்திர அறைக்குப் போய், மோட்டார்ச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார். ஒரு படுக்கையை ஒரு மாடி ஏற்ற இருபது நிமிடம். லிஃப்டுக்குள் செவிலியர்கள் மூச்சுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே வந்தார்கள். கடைசிப் படுக்கையும் ஏறிய பிறகுதான் அவர் இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார். ஒருவரையும் இழக்கவில்லை.

"உங்கப்பாதானே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மின்னல் கருவிப் பையின் அடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். மடிப்பு விழாமல், துணி சுற்றி வைத்திருந்தாள்.

"சங்கத்துக்கு ரெண்டு தடவை எழுதினேன். எடுத்தவங்க சொன்னாத்தான் மாத்துவோம்னாங்க. அவங்க பத்திரிகைக்கு எழுதினேன், பதிலே இல்ல. அப்பாவுக்கு இப்படி ஒரு படம் இருக்கறதே தெரியாது மேடம். ஒரு நாளும் தன் வேலையைப் பத்திப் பெருமை பேசினதில்ல. இன்னிக்கு வந்து நின்னு, செய்வதறியாதுன்னு அவர் படிக்கணுமா? அவருக்கா செய்யத் தெரியல?" அவள் பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். "படத்தையும் இறக்குவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

பொறுப்பாளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒட்டிவிட்டால் தீர்ந்தது, படம் இறங்காது, விழா நிற்காது. அவர் அட்டையைப் பார்த்தார், படத்தில் இருந்த கைகளைப் பார்த்தார், பிறகு அட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். புகாரை வாபஸ் வாங்குவதாக இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

பிற்பகல் மணி 2.40. விழாவுக்காக விமானத்திலிருந்து இறங்கிய புகைப்படக்காரி தொலைபேசியை எடுத்தாள். பொறுப்பாளர் நடந்ததை எல்லாம் சொன்னார். குறிப்பு தவறு என்று அவள் ஒப்புக்கொண்டால் நாளைக்கு எல்லாப் பத்திரிகையிலும் வரும். பரிசுக்கே கேள்வி வரலாம். அதையும் பொறுப்பாளர் மறைக்கவில்லை.

"அன்னிக்கு நான் ஏற வேண்டிய படகு கிளம்ப ரெண்டு நிமிஷம்தான் இருந்துது" என்றாள் அவள் கடைசியில். "ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கல. என் தப்புதான். வெள்ளை அட்டை ஒண்ணு ஒட்டி வைங்க, நாலு மணிக்குள்ள வந்து எழுதறேன். அவர் பேரை நீங்க யாரும் எனக்குச் சொல்லாதீங்க."

மாலை மணி 3.50. மின்னலின் அப்பா படியேறித்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் கயிறு. சுற்றிலும் விளக்குகளைப் பார்த்து, வயர் ஒன்றுகூட வெளியே தெரியவில்லையே என்று மகளை மெச்சினார். நாற்பத்தேழாம் எண்ணின் முன்னால் வந்ததும் நின்றார். பக்கத்தில் வெற்று வெள்ளை அட்டை. படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "கையில ஏம்மா இவ்வளவு வெளிச்சம்?" என்று கேட்டார்.

"அங்கதான்ப்பா பார்க்கணும்" என்றாள் மகள்.

அப்போது லிஃப்ட் மேலே வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். காவலாளி சாவியைத் தேடித் தன் பைகளைத் துழாவினார். அதற்குள் அப்பா போய்விட்டார். இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியைத் துளையில் விட்டு, காதைக் கதவில் வைத்து, அரைத் திருகு திருகினார். சத்தமில்லாமல் கதவு விலகியது. "உருளைல தூசி. அஞ்சு நிமிஷ வேலை" என்று காவலாளியிடம் சொன்னார்.

உள்ளே பெட்டியோடு நின்ற பெண்ணின் கழுத்தில் கேமரா தொங்கியது. அவள் சாவியைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். தடுப்புகளுக்கு அப்பால் நடுச்சுவரில் ஒளிர்ந்த கைகளைப் பார்த்தாள். மண்டபத்தில் எல்லோரும் அவள் கேமராவைத் தூக்குவாள் என்றுதான் நினைத்தார்கள்.

அவள் பேனாவை எடுத்தாள்.

"ஐயா, மூணு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும். உங்க பேர் என்ன?"

அவர் சொன்னார். வெள்ளை அட்டையில் முதல் வார்த்தையாக அதை எழுதினாள். அடுத்து, 'லிஃப்ட் மெக்கானிக்' என்று எழுதினாள். பதினொரு பேரைக் காப்பாற்றியவர் என்று எழுதப் போனபோது அவர் மெதுவாகக் குறுக்கிட்டார்.

"பன்னெண்டும்மா. ஒரு நர்ஸம்மாவுக்குக் கால் பிசகிடுச்சு, அவங்களையும் ஏத்த வேண்டியிருந்துது. அவங்களை எப்பவுமே கணக்குல விட்டுடறாங்க."

பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இரண்டாம் பரிசுக்காரர்தான் முதலில் கை தட்டினார். மணி நான்கு. காவலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசல் கதவை அகலத் திறந்தார்.