நாற்பத்தோரு நிபந்தனை வீடு

பியூலா படியில் ஏறியதுமே வாசல்மதி அவள் நாடியைப் பிடித்துவிட்டது. கதவோரம் பதித்த அந்தக் கருவி கேள்வி கேட்கும். பொய் சொன்னால் துடிப்பிலேயே கண்டுகொள்ளும். மேட்டுப்பூண்டியில் குடித்தனக்காரர்களை இப்போது அதுதான் தேர்ந்தெடுக்கிறது. சென்னைக்கு மிதவை ரயிலில் பதினெட்டு நிமிடம், காக்கை கத்தினால் தெருவுக்கே கேட்கும் அமைதி, நகரத்தில் கொடுப்பதில் பாதி வாடகை. யாருக்குத்தான் ஆசை வராது?

அவளுக்கு இது பதினேழாவது வீடு. பழைய வீட்டை மாலைக்குள் காலி செய்தாக வேண்டும். பெட்டிகள் வண்டியில் இருந்தன. ஆறு வயது மகள் ஷைனி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் கஜபதிக்கு மாடியில் ஜாகை. கீழ்ப்பகுதி பதினான்கு மாதமாகக் காலி. நாற்பத்தோரு நிபந்தனை போட்டால் யார் தேறுவார்கள்? மச்சான் ஒருமுறை சிபாரிசோடு ஆள் அனுப்பிய எரிச்சலில், ‘நானே சொன்னாலும் யாருக்கும் விதிவிலக்கு கூடாது’ என்று கருவியை நிரந்தரமாகப் பூட்டிவைத்திருந்தார் மனிதர். முழுதும் காலியான வீட்டை, அன்று வந்தவர்களில் அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு, அவர் தேறாவிட்டாலும், கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. மாடியில் தான் இருக்கும்வரை அது தன்னை ஒன்றும் செய்யாது என்ற தைரியம் அவருக்கு.

கேள்விகள் வந்தன. மீன் சமைப்பதுண்டு, வாரம் இருமுறை. ஆணி ஒன்று அடிப்பாள், காலண்டருக்கு. கணவர் பிரிந்துவிட்டார். மருத்துவமனையில் செவிலி வேலை, நேரம் மாறி மாறி வரும். பியூலா எதையும் மறைக்கவில்லை. நாற்பத்தெட்டு மதிப்பெண். தேறுவதற்கு ஐம்பது வேண்டும்.

“பதில் சொல்ற விதம் சரியில்லம்மா,” என்றார் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருந்த கஜபதி. “தயங்கித் தயங்கிச் சொன்னா மார்க் போயிடும்.”

“நீங்களே ஒருதடவை சொல்லிக் காட்டுங்க சார். பார்த்துக் கத்துக்கிறேன்.”

முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டுதான் சொன்னாள். சட்டத்தை நேற்றே ஒரு வரி விடாமல் படித்திருந்தாள்.

மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜம்மென்று படியில் ஏறி நின்றார். ஆணிகள்? பாராட்டுப் பட்டயங்கள் மாட்ட நாற்பத்துமூன்று. விருந்தாளிகள்? பெரியம்மா குடும்பம், போன சித்திரையில் இருபது நாள். அக்கம்பக்கத்தோடு சண்டை? ‘இல்லவே இல்லை’ என்றபோது நாடி எகிறியது. பத்தொன்பது மதிப்பெண்.

“இங்கே குடியிருக்கத் தங்களுக்குத் தகுதியில்லை,” என்றது வாசல்மதி.

“நான் இந்த வீட்டு ஓனர்.”

“வீடு தங்களுடையதுதான். குடியிருப்பு மட்டும் ரத்து. விதிவிலக்கு கூடாது என்பது தங்கள் உத்தரவு. வீடு இப்போது முழுதும் காலி.”

கதவு பியூலாவுக்குத் திறந்தது. பதினாறு வாசல்களில் விழுங்கிய அழுகையெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. ராணி மாதிரி வலது காலை எடுத்து வைத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது கஜபதி படியிலேயே நின்றிருந்தார். பாவமாக இருந்தது. குடியிருப்பவர் அனுமதித்தால் அவர் மாடிக்குப் போகலாம் என்றது கருவி. தாராளமாகப் போகட்டும் என்றாள் பியூலா. உள்ளே வந்த கஜபதி, வக்கீலைப் பார்ப்பேன், உன்னைப் பிடுங்கி எறிவேன் என்று வாசல்மதியைப் பார்த்து உரக்கக் கத்தத் தொடங்கினார். ஷைனி புரண்டாள்.

“மெதுவாப் பேசுங்க சார். பாப்பா தூங்குறா.”

“நாற்பத்திரண்டாவது நிபந்தனை பதிவாகிவிட்டது, அம்மா,” என்றது வாசல்மதி.

அதை அழித்துவிடு என்று சொல்ல பியூலா வாயெடுத்தாள். சொல்லவில்லை.