வியாழக்கிழமை மாலை ஆறு மணி

ஜூன் கடைசி வாரத்து வியாழக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஊனாவும் அவள் கணவன் டோர்வியும் அந்தப் பழைய பண்ணை வீட்டின் முன்னால் ஜீப்பை நிறுத்தினார்கள். டோர்வியின் அப்பா விட்டுப் போன வீடு. தகரக் கூரை துருவேறிக் கிடந்தது. சுற்றிலும் பாசி போர்த்திய எரிமலைப் பாறைகள். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. மறுநாள் காலை இங்கிருந்து கிளம்பி, தீவைச் சுற்றும் நெடுஞ்சாலையில் பத்து நாள் போய்வருவதாக ஏற்பாடு. கல்யாணமான நான்கு வருஷத்தில் இருவரும் சேர்ந்து போகும் முதல் நீண்ட பயணம்.

ஐஸ்லாந்தில் கோடைக்கால இரவு என்பது பேருக்குத்தான். சூரியன் படுக்கப் போவதாகப் பாவனை செய்துவிட்டு, எதையோ மறந்துவிட்டது போல் உடனே திரும்பி வந்துவிடும். அதனால் இங்கே பயப்படுகிறவர்கள் நல்ல வெளிச்சத்திலேயே பயந்துகொள்ள வேண்டியதுதான். ஒளிந்துகொள்ள இருட்டு கிடைக்காது.

ஊனா சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் நாள்வாரியாக எழுதத் தொடங்கினாள். டோர்வி எதிரே உட்கார்ந்து, தட்டை ரொட்டியில் வெண்ணெய் தடவி, புகைபோட்ட ஆட்டுக்கறியை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"முதல் நாள் ஹோப்ன். ராத்திரி அங்கயே கூடாரம். ரெண்டாம் நாள் பனிக்கட்டி ஏரி, அப்புறம் விக்."

"நீச்சல் குளத்தை எல்லாம் எழுதிட்டியா?"

"அதை விடுவேனா? ஊருக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி. பத்து நாளும் உருளைக்கிழங்கு மாதிரி நீ வெந்துகிட்டே வரலாம்."

"அப்போ வண்டியை யார் ஓட்டுறது?"

"நான்தான். நீ ஓட்டினா இந்தத் தீவைச் சுத்த ரெண்டு கோடை ஆகும்."

டோர்வி சிரித்தான். பிறகு தலை நிமிராமலே சொன்னான்: "கடலோரமாவே போயிடுவோம், ஊனா. உள்ளே மலைப்பக்கம் மட்டும் வேணாம்."

அவள் தலையாட்டினாள். ஏன் என்று கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

மலைநாட்டுக்குள் தனியாகப் போகிறவர்கள் தங்கள் பயணத் திட்டத்தை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். எந்தப் பாதை, எந்தத் துறையில் ஆற்றைக் கடப்பது, எத்தனை மணிக்குள் போன் செய்வது, எல்லாம் அதில் இருக்கும். குறித்த நேரத்தில் போன் வராவிட்டால், தாளை வைத்திருப்பவர் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். வேலை அவ்வளவுதான். டோர்வியின் முதல் மனைவி ஸ்வாவா ஊனாவின் உயிர்த்தோழி. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மலைக்குடிலைச் செப்பனிடத் தனியாகப் போனபோது, ஸ்வாவா தன் தாளை ஊனாவிடம்தான் கொடுத்தாள். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

கூப்பிடவில்லை. சனிக்கிழமைதான் ஆட்கள் தேடிப் போனார்கள். சாம்பலாற்றுத் துறையில் அவள் ஜீப் பாதி முழுகிக் கிடந்தது. ஆற்று நடுவே இருந்த மணல் திட்டில் ஸ்வாவா கிடந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

ஊனாவுக்கு ஞாபகம் இருந்தது வேறு மாதிரி. வியாழக்கிழமை ஆறரை மணிக்குப் பதறிப்போய் டோர்வியைக் கூப்பிட்டாள். 'இப்பதான் என்கிட்ட பேசினா, குடிலுக்குப் போயிட்டா, நீ தூங்கு' என்றான் அவன். அதைத் தாளின் அடியில் எழுதியும் வைத்தாள். ஆனால் டோர்வி அழுதுகொண்டே மறுத்தான். அவள் கூப்பிட்டது புதன்கிழமையாம். அந்த வாரம் முழுக்க ஊனாவுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. கிழமை குழம்பியிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் தாளைத் தேடினாள். கிடைக்கவில்லை. கடைசியில் தன் தலையைத்தான் நம்பக் கூடாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது டோர்வி மட்டும் அவளை மன்னித்தான்.

மன்னித்தவனையே கட்டிக்கொண்டாள்.

ரொட்டியைத் தின்றுவிட்டு ஊனா ஜீப்பிலிருந்து குளிர்பெட்டியை எடுத்துவரப் போனாள். திரும்பி வந்தபோது டோர்வி பின்கட்டில் கூடாரக் கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். மேசையில் தாள் அப்படியே இருந்தது. இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் நடுவே ஒரு வரி புதிதாக இருந்தது.

'சாம்பலாற்றுத் துறை.'

"டோர்வி, இது என்ன விளையாட்டு?"

அவன் வந்து பார்த்தான். முகம் வெளுத்தது. "இதை நீ எழுதிட்டு என்னைக் கேட்கிறியா?"

"நீ மலைப்பக்கம் வேணாம்னு சொல்லி இன்னும் வாய்கூடக் காயல. நான் ஏன் எழுதுறேன்?"

"உன் ஞாபகம் எப்படின்னு நமக்குத் தெரியாதா, ஊனா?" என்றான் மெதுவாக. எப்போதும் போல அன்பான குரல்தான். அவள் ரப்பரால் அந்த வரியை அழித்தாள்.

நான்கு மணிக்கு மறுபடி இருந்தது. இந்த முறை பென்சில் எழுத்து இல்லை. தாளில் ஈரத்தால் எழுதியிருந்தது.

'சாம்பலாற்றுத் துறை. வியாழன். மாலை ஆறு.'

ஊனா விரலால் தொட்டாள். ஐஸ் போல் சில்லென்றது. விரல் நுனியில் சாம்பல் நிற வண்டல் ஒட்டியது. அந்த வண்டலை அவளுக்குத் தெரியும். பனியாறு உருகிவரும் தண்ணீரில் மட்டும்தான் அது இருக்கும்.

பிறகு வாடை வந்தது. நனைந்த கம்பளிச் சட்டையும் ஈரக் கல்லும் கலந்த வாடை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வெளியே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. அறை மட்டும் குளிர்ந்துகொண்டே போனது. அவள் விட்ட மூச்சு புகையாகத் தெரிந்தது.

மாடிப்படியில் தண்ணீர் சொட்டியது.

ஒரு சொட்டு. கொஞ்சம் நேரம். அடுத்த சொட்டு ஒரு படி கீழே.

"டோர்வி..."

"ம்."

"மேல யாராவது இருக்காங்களா?"

"பழைய வீடு. குழாய் ஒழுகும்." ஆனால் அவன் படிப்பக்கம் திரும்பவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டில் மாடியில் குழாயே கிடையாது.

சொட்டு கடைசிப் படிக்கு வந்தது. நின்றது. தரைப் பலகையில் ஈரம் படர்ந்து மேசையை நோக்கி வந்தது. பாதம் தெரியவில்லை; ஈரம் மட்டும் ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தது. ஊனாவுக்கு எழுந்து ஓடத் தோன்றியது. அதற்குள் வரைபடத்தின் மேல் பொலபொலவென்று கருமணல் உதிர்ந்தது. மணலோடு சேர்ந்து நான்காக மடித்த ஒரு தாளும் விழுந்தது.

ஊறிப்போயிருந்தது. ஊனா பிரித்தாள். ஸ்வாவாவின் சாய்ந்த கையெழுத்து. பாதை, துறை, குடில், நேரம். அடியில் ஊனாவின் சொந்தக் கையெழுத்தில் ஒரு வரி:

'வியாழன் 6.30. டோர்வியிடம் பேசினேன். ஸ்வாவா குடிலுக்குப் போய்விட்டாளாம்.'

வியாழன். புதன் இல்லை.

ஏழு வருஷம். ஏழு வருஷமாக அவள் தன் மூளையைத் தானே சந்தேகப்பட்டு வாழ்ந்திருக்கிறாள். மாத்திரை கொடுக்கும்போது மூன்று தடவை சரிபார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள்.

"இது அந்தத் தாள்தானே?" என்றாள்.

டோர்வி தாளைப் பார்த்தான். "இது இருக்க முடியாது," என்றான். "உன் வீட்டுலேர்ந்து எடுத்து நானே அடுப்புல போட்டேன். சாம்பலாகிற வரைக்கும் நின்னு பார்த்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

ஊனா அவனையே பார்த்தாள். "அப்படி ஒரு தாளையே பார்க்கலைன்னு சொன்னியே."

"ஊனா, கேளு..."

"அவ உன்கிட்ட பேசினாளா? அன்னைக்கு?"

அவன் ஆமென்று தலையசைத்தான். "ஆத்து நடுவுல மாட்டிக்கிட்டேன், வேற யாருக்கும் லைன் கிடைக்கல, ஆளை அனுப்புன்னா. ரெண்டு நிமிஷம்தான் பேசினா. திரும்பி வந்ததும் என்னை விட்டுப் போறதா முன்னாடியே சொல்லியிருந்தா. எனக்குக் கோபம். ஒரு ராத்திரி குளிர்ல உட்காரட்டும்னுதான் நினைச்சேன். விடிஞ்சா தண்ணி வத்திடும்னு நினைச்சேன். சத்தியமா அவ்வளவுதான்."

"வெள்ளிக்கிழமை?"

அவன் மேசையில் கிடந்த கருமணலை விரலால் ஒதுக்கினான்.

"வெள்ளிக்கிழமை முழுக்க என்ன பண்ணினே, டோர்வி?"

"அதுக்குள்ள லேட்டாயிடுச்சு. என்னன்னு போய் சொல்றது?"

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்வாவாவின் அடக்கத்தில் நின்றாள். இவன் மன்னித்ததற்கு நன்றியாக நான்கு வருஷம் இவன் சட்டையைத் துவைத்திருக்கிறாள். பாவி, மன்னித்தானாம்.

அவள் போனை எடுத்து லீனைக் கூப்பிட்டாள். லீன் ஊனாவுக்கும் ஸ்வாவாவுக்கும் பொதுவான தோழி; மீட்புக் குழுக்காரி. மணல் திட்டில் ஸ்வாவாவைக் கண்டெடுத்தவளும் அவள்தான். ஊனா நடந்ததைச் சொன்னாள். டோர்வி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தான், தடுக்கவில்லை.

"தாளை அப்படியே படிடி," என்றாள் லீன். "வரி விடாம."

ஊனா படித்தாள். பாதை. துறை. குடில். நேரம். அதற்குக் கீழே ஸ்வாவா இரண்டு முறை அடிக்கோடிட்ட ஒரு வரி இருந்தது. ஊனா அதை இத்தனை காலம் மறந்தே போயிருந்தாள்.

'போன் வராவிட்டால் டோர்வியைக் கேட்காதே. நேராக மீட்புக் குழுவுக்குச் சொல்.'

அதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. அந்த வரியைத் தாண்டி, அடியில் இருந்த தன் கையெழுத்தைப் படித்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கடவுளே. உன்மேல ஒரு தப்பும் இல்லையேடி. நாங்க உன்னை எப்படியெல்லாம் பேசிட்டோம்." லீன் அழுதாள். "நீ அங்க நிக்காதே. உடனே கிளம்பி மீவாட்ன் ஊருக்குப் போயிடு. அங்க என் அக்கா வீடு இருக்கு. நான் போலீஸைக் கூட்டிட்டு டோர்வி இருக்கிற இடத்துக்குப் போறேன். ஒன்பது மணிக்குள்ள நீ கூப்பிடலேன்னா ஆளைக் கிளப்பிடுவேன், தெரியும்ல?"

ஊனா ஜீப்பில் ஏறியபோது மணி ஆறு. டோர்வி வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் வழியே தெரிந்தான். மேசையில் தலை கவிழ்ந்திருந்தான். அவள் வெளியே வரும்போதே தரையில் ஈரம் எதுவும் இல்லை. அவளுக்கு நெஞ்சு லேசானது. ஸ்வாவா தனக்காக வந்தாள், தன்னை விடுவிக்க வந்தாள் என்று நினைத்துக்கொண்டாள். "நன்றிடி," என்று வாய்விட்டே சொன்னாள்.

அழுது வீங்கிய முகத்தோடு சுற்றுலா வண்டிகளின் நடுவே போக அவளுக்கு மனமில்லை. நெடுஞ்சாலையை விட்டு, யாரும் போகாத பழைய சரளைப் பாதையில் திருப்பினாள். அதை லீனுக்குச் சொல்லத் தோன்றவில்லை. மேட்டுவெளியில் ஏறியதும் மூடுபனி இறங்கியது. வெள்ளை வெளேரென்று, இரண்டு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி.

எட்டரை மணிக்கு எஞ்சின் இருமியது. நின்றது. சாவியைத் திருகத் திருக, அடியில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்தான் வந்தது.

போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். லீன் எடுத்தாள். பின்னால் கார் ஓடும் சத்தம்.

"என்னடி, மறுபடியுமா? தூக்கம் வரலியா?"

"மறுபடியுமா?"

"எட்டு மணிக்குத்தானே பேசினே, அக்கா வீட்டுக்கு வந்துட்டேன்னு. குரல் என்ன அப்படி நடுங்குச்சு? சூடா ஏதாவது குடிச்சியா?"

ஊனா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"லீன், நான்..."

"சரியா கேட்கலடி, விட்டு விட்டு வருது. அக்காகிட்ட போனைக் குடுன்னா அவ தூங்கிட்டான்னே. சரி, நீயும் தூங்கு. நீ சொன்ன மாதிரியே நான் யாரையும் கிளப்பல, விடியற வரைக்கும் உன்னைத் தொந்தரவும் பண்ண மாட்டேன். ஆங், ஒண்ணு சொன்னியே, அதுதான் புரியல. தாள்ல ஒரு வரியைப் படிக்காம விட்டுட்டேன்னியே, அது என்ன வரி?"

கோடு போய்விட்டது.

ஊனா மறுபடி மறுபடி அழுத்தினாள். காதில் இரைச்சல் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் கேட்டது.

மூடுபனிக்குள், ஜீப்பின் இரண்டு பக்கமும், ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பாதையில் ஆறு கிடையாது.