லேபிள் உரித்த பாட்டில்கள்

"ஐயோ!"

அலறல் படகின் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

மேல்தளத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கேப்டன், கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். கீழே சாப்பாட்டு அறையின் தரைப்பலகை ஒன்று பெயர்ந்து கிடந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் முழங்காலிட்டபடி... முதலாளியின் மச்சினன்!

"என்ன தம்பி, பொணத்தைப் பார்த்த மாதிரி கத்துறீங்க?"

பிணமாக இருந்திருந்தால் அவன் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். ஒரு பிணத்துக்கான ஏற்பாட்டைச் செய்து வைத்தவனே அவன்தானே!

"லேபிள்... லேபிளெல்லாம் எங்கே?"

"உரிச்சுட்டேன்."

"உரிச்சுட்டீங்களா?!"

"பின்னே? படகுலேயே சில்லுனு இருக்கிற இடம் இந்தப் பள்ளம்தான். வைனுக்குத் தோதான இடம். ஆனா எப்பவும் கொஞ்சம் தண்ணி கசிஞ்சு நிக்கும். பேப்பர் ஊறி உரிஞ்சு பம்ப்ல போய் அடைச்சுக்கும். பம்ப் நின்னா வைன் மிதக்கும், நாம முழுகுவோம். அதான் பாட்டில் வந்ததும் வெந்நீர்ல ஊறப் போட்டு, லேபிளை உரிச்சு, சாக்ஸ் மாட்டி, படுக்க வெச்சுடறது. படகு வெச்சிருக்கிற எல்லாரும் பண்றதுதான்."

"சாக்ஸா?"

"ஒண்ணோட ஒண்ணு மோதி உடையக் கூடாதில்லே? முதலாளியோட பழைய சாக்ஸ். துவைச்சதுதான், பயப்படாதீங்க."

மச்சினன் அவசரமாக ஒரு சாக்ஸை உருவினான். கரும்பச்சை பாட்டில். இன்னொன்று... கரும்பச்சை. அடுத்தது... அதுவும்!

இதில் எது தங்கச் சிங்கம்?

போன வாரம் அத்தானும் அவனும் கடைக்குப் போயிருந்தார்கள். அத்தான் ஒவ்வொரு பாட்டிலையும் கைக்குழந்தை போல ஏந்தி, "இதுல மழையில நனைஞ்ச மலைச்சரிவு இருக்கு மச்சான்!" என்று கண்ணை மூடினார். கடைக்காரர் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். மச்சினன் தன் செலவில் ஒன்று வாங்கினான். லேபிளில் தங்கச் சிங்கம்.

"அக்கா நினைவு நாள் அன்னிக்குத் திறங்க அத்தான். தனியா... நிம்மதியா."

படகுக்குக் கொண்டுவரும் முன் மூடி வழியாக விஷ ஊசி இறக்கி, ஓட்டையை அதே நிறத்து மெழுகால் அடைத்திருந்தான். அத்தானுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. உயிலில் இருப்பது ஒரே பேர். மச்சினன் பேர்!

அந்த நாள் இன்றைக்கு. வெளியூர் போவதாகத்தான் உத்தேசம். காலையில் போன் வந்தது.

"தனியா சாப்பிட்டா தொண்டையில இறங்க மாட்டேங்குது மச்சான். நீயும் வா. கார் அனுப்பியிருக்கேன்."

வேறு வழியில்லை. சிங்கத்தை முதலில் அப்புறப்படுத்திவிடலாம் என்று பலகையைப் பெயர்த்தால்... சிங்கம் பூராவும் வெந்நீரில் கரைந்து போயிருக்கிறது!

மெழுகுப் பொட்டாவது தட்டுப்படுமா என்று மூடிகளைத் தடவினான். ம்ஹூம். தன் கைவேலையின் சுத்தத்தை நினைத்து அவனுக்கே அழுகை வந்தது.

"கீழே என்ன கூட்டம்?" மாடிப்படியில் அத்தானின் குரல். "கேப்டன், கையில சிக்கினதை எடுத்துட்டு வாங்க!"

அத்தான் தங்கச் சரிகை வைத்த தொப்பி அணிந்திருந்தார். படகை ஓட்டும் கேப்டனுக்குத் தொப்பியே கிடையாது.

மேஜை ஒரு கல்யாணக் கூட்டத்துக்குக் காணும். தட்டு இரண்டுதான் இருந்தது. திறந்திருந்த கதவு வழியே விருந்தினர் அறை தெரிந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. படகு வாங்கிய அன்றைக்கு வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். விருந்தாளிகளுக்கென்று வாங்கிய வைன் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது.

பக்கத்துப் படகில் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். அத்தான் தலையைத் திருப்பிக் கொஞ்சநேரம் அந்தச் சிரிப்பைக் கேட்டார். பிறகு கிளாஸைச் சுழற்றி முகர்ந்தார்.

"ஆஹா... தெற்குச் சரிவு. நல்ல வெயில் பார்த்த திராட்சை."

ஊர் பேர் தெரியாத பாட்டிலுக்குப் பரம்பரையே சொன்னார்!

"குடி மச்சான்."

"வேண்டாம் அத்தான்... வயிறு சரியில்லே."

"வயித்துக்கு நல்லது."

"பல்லு வேற வலிக்குது..."

"பல்லுக்கு ரொம்ப நல்லது."

மச்சினனின் முழங்கை 'தற்செயலாக'த் தட்டியது. கிளாஸ் உருண்டது. கேப்டன் துடைத்துவிட்டு, இன்னொரு கிளாஸை நிரப்பி வைத்தார்.

"சரி, நீ குடிக்காட்டி போ." அத்தான் தன் கிளாஸை உயர்த்தினார். "உங்க அக்காவுக்காக நான் குடிக்கிறேன்."

கிளாஸ் உதட்டைத் தொட்டது.

இதுவாக இருக்குமோ...? இருந்தால் இன்றே எல்லாம் முடிந்தது. இல்லாவிட்டால் நஷ்டமில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் 'ஏன்?' என்பார். அதற்கு என்ன பதில்?

மச்சினனின் நாக்கு அசையவில்லை.

அத்தான் கிளாஸின் விளிம்புக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவுமில்லை, இறக்கவுமில்லை. பக்கத்துப் படகின் சிரிப்பு ஒருமுறை பொங்கி அடங்கியது.

பிறகு... மடமடவென்று குடித்தார்!

மச்சினன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தான்.

அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. நீ கொடுத்தது இது இல்லே மச்சான். அது என் வக்கீலோட இரும்பு அலமாரியில இருக்கு."

"அ... அத்தான்?!"

"வெந்நீர்ல போட்டதும் மெழுகு உருகிடுச்சு தம்பி," என்றார் கேப்டன், தட்டைத் துடைத்தபடி. "வாளித் தண்ணி செவந்து போச்சு. என்னடான்னு பார்த்தா மூடியில ஊசி ஓட்டை. டெஸ்ட் பண்ணினவங்க, யானைக்கே போதும்னாங்க."

"போலீஸ்...?"

"சொல்லலே."

"ஏ... ஏன்?"

அத்தான் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது இல்லாமல் பார்த்தால் வெறும் வழுக்கைத் தலை, தளர்ந்த கண்கள்.

"சொன்னா உன்னை உள்ளே தள்ளுவாங்க. அப்புறம் நான் யாரோட சாப்பிடறது? இந்தக் கேப்டன் சம்பளம் வாங்கிக்கிட்டுத்தான் என் ஜோக்குக்குச் சிரிக்கிறார்."

"உள்ளதுதான் ஐயா," என்றார் கேப்டன்.

"'குடிக்காதீங்க அத்தான்'னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். உதட்டுல கிளாஸை வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டே இருந்தேன்..."

மச்சினன் தட்டைப் பார்த்தான்.

"சொல்லலே. போகட்டும். எனக்கு வேற ஆள் இருந்தா உன்னை விட்டுத் தள்ளியிருப்பேன். இல்லையே! அதனால இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றே. சாப்பிடறே. நான் வைனைப் பத்திப் பேசறப்போ கொட்டாவி விடாம கேக்கறே. ஒரு வாரம் வரலேன்னாலும் அலமாரி திறக்கும்."

"எ... எவ்வளவு நாளைக்கு?"

"நான் இருக்கிற வரைக்கும்."

மச்சினனின் கண்கள் ஒரு கணம் பள்ளத்தின் பக்கம் போய்வந்தன.

"அந்தக் கணக்கும் வேண்டாம். மாரடைப்போ, மாடிப்படி சறுக்கலோ, சாதா ஜுரமோ... எதுல நான் போனாலும் அந்த பாட்டில் நேரா ஸ்டேஷனுக்குப் போகும். வக்கீல்கிட்ட சொல்லி வெச்சாச்சு."

கடல் காற்று ஜில்லென்று உள்ளே வந்தது.

"ஹச்ச்ச்!"

அத்தான் தும்மினார்.

மச்சினன் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பாய்ந்து ஜன்னலைச் சாத்தினான். அத்தானின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"பேச்செல்லாம் அப்புறம் அத்தான்... முதல்ல ஸ்வெட்டரைப் போடுங்க!"